கதவு உயரத்து லட்சுமி

சிங்கப்பூருக்குப் போகிறேன் என்று தெரிந்ததும் நாகப்பட்டினத்தில் எங்கள் தெருவே ஒரு பட்டியல் கொடுத்தது. எதிர்வீட்டு வாத்தியாருக்குக் குடை. முதலாளியின் மைத்துனருக்கு வாசனைச் சோப்பு. கோடி வீட்டு அத்தைக்குச் சாதிக்காய், அதுவும் ஓடு உடையாமல். என் மனைவி கமலம் மட்டும் எதுவும் கேட்கவில்லை. புறப்படுகிற அன்று காலையில் பூஜை அறை வாசலில் நின்றுகொண்டு, "அங்க போனா அவளைப் பார்த்துட்டு வாங்க. முகத்தைத்தான் இங்கேயே தினமும் பார்க்கிறோமே. காலடியை நல்லாப் பாருங்க" என்றாள்.

அவள் என்றது எங்கள் வீட்டு லட்சுமியை.

கமலத்தின் அப்பா தஞ்சாவூரில் படக்கடை வைத்திருக்கிறார். பம்பாய்ப் பக்கத்து அச்சுக்கூடங்களிலிருந்து வரும் வண்ணப் படங்களை வாங்கி, சரிகைத் துணியால் புடவை கட்டி, ஜிகினாவும் சம்கியும் ஒட்டி, கண்ணாடி போட்டு விற்பார். வீட்டுப் பெண்கள் எல்லோரும் அந்த வேலையில் கெட்டிக்காரிகள். கல்யாணச் சீரோடு கமலம் ஒரு படத்தையும் கொண்டுவந்தாள். பச்சைச் சரிகைப் புடவை, தலையில் கிரீடம், வலது கையிலிருந்து கொட்டும் பொற்காசு, காலடியில் பெரிய ஜிகினாத் தாமரை. முகமும் அந்த ஒரு கையும்தான் அச்சில் வந்தபடி இருந்தன. மற்றதெல்லாம் மாமனார் கடைச் சரக்கு.

ஆனால் அந்த முகம்! சற்றே குனிந்த பார்வை. சிரிக்கப் போகிறாள், இன்னும் சிரிக்கவில்லை. எட்டு வருடமாகத் தினமும் காலையில் அவள் முன் விழுந்து கும்பிட்டு எழும்போதெல்லாம், என்னைத்தான் பார்க்கிறாள் என்று எனக்குத் தோன்றும். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அதற்கு முந்தின வருடம் முத்தையா அண்ணன் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார். நாகையில் பிறந்து, சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். கை கழுவப் போகிற வழியில் படத்தைப் பார்த்து நின்றுவிட்டார். "தம்பி, இந்த முகத்தை நான் சிங்கப்பூர்ல பார்த்திருக்கேன். மியூசியத்து மாடியில. சாயத்தால எழுதின அசல் படம். கதவு உயரம் இருக்கும். கூட்டத்துல எட்டித்தான் பார்த்தேன், முகம் மட்டும் தெரிஞ்சுது. ஆனா இவதான்" என்றார். பரிமாறிக்கொண்டிருந்த கமலத்தின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது எனக்கு நினைவிருக்கிறது.

நான் புறப்படும்போது கமலத்துக்கு ஐந்தாம் மாதம் முடிகிற சமயம். முதல் இரண்டும் தங்கவில்லை. ஒன்று மூன்றாம் மாதத்தில், ஒன்று ஆறாம் மாதத்தில். இந்த முறை வீட்டில் யாரும் உரக்கப் பேசவில்லை, தொட்டில் என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை. முதலாளி கைலி மூட்டைகளோடு என்னைச் சிங்கப்பூருக்கு அனுப்பியபோது எனக்குப் போக மனமில்லை. கமலம்தான் போகச் சொன்னாள். காலடியைப் பாருங்கள் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வேண்டுதல்தான். குங்குமப் பொட்டலம் ஒன்றும் கற்பூரமும் வாங்கி, பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டேன். அசல் லட்சுமியின் பாதத்தில் வைத்த குங்குமத்தைக் கொண்டுவந்து அவள் நெற்றியில் இடுவது என்று முடிவு செய்துகொண்டேன். அவள் அதைக் கேட்டாளா என்று யோசிக்கவில்லை. யோசித்துச் செய்கிற ஆள் இல்லை நான்.

கப்பலிலிருந்து இறங்கியது சனிக்கிழமை. இறங்கிய பிறகும் தரை ஆடிக்கொண்டே இருந்தது. சிராங்கூன் சாலைக்கு வந்து சேர்ந்தபோது தூக்கத்தில் நடக்கிறேனா என்று சந்தேகமாகிவிட்டது. எங்கு பார்த்தாலும் தமிழ். மாட்டுக் கொட்டில்கள், ஈர வைக்கோல் வாசனை, பால்காரர்கள், மோர் விற்கிறவர்கள், ஒரு நகைக்கடை வாசலில் காது குத்தும் குழந்தையின் அழுகை. நடுவில் தண்டவாளத்தில் மணியடித்துக்கொண்டு மாடும் குதிரையும் இல்லாத டிராம் வண்டி. இந்த வட்டாரத்துக்கு நம் ஆட்கள் வைத்திருக்கிற பெயர் சுண்ணாம்புக் கம்பம். கம்பம் என்றால் மலாயில் கிராமம். அந்தக் காலத்துச் சுண்ணாம்புக் காளவாய்கள் போய்விட்டன, பெயர் போகவில்லை.

நாகையில் மழை தன் இஷ்டத்துக்கு வரும். இங்கே பகல் மூன்றரைக்குக் தாலுகா கச்சேரிக் குமாஸ்தா போல வந்து, நாலரைக்குப் போய்விடுகிறது. அந்த ஒரு மணி நேரம் ஊரே கடை ஓரங்களில் ஒதுங்கி நிற்கிறது. சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லோரும் ஒரே திசையில் மழையைப் பார்த்துக்கொண்டு. யாரும் யாரோடும் பேசுவதில்லை. எனக்கு அந்த ஒரு மணி நேரம் மிகவும் பிடித்துப்போனது.

முத்தையா அண்ணனின் கடை மாடியில் எனக்குப் பாய் போட்டார்கள். ஞாயிறு முழுவதும் தூங்கினேன். விழித்தபோதெல்லாம் எதையாவது தின்னக் கொடுத்தார்கள். கருநிறக் காப்பியைச் சாஸரில் ஊற்றிக் குடிக்கிறார்கள். மங்குஸ்தான் என்று ஒரு பழம். வெளியே கறுப்பு, உள்ளே பூண்டுப் பல் மாதிரி வெள்ளை, வாயில் போட்டால் காணாமல் போய்விடுகிறது. கமலத்துக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டேன். "பினாங்கு தாண்டாது தம்பி, அழுகிடும்" என்றார் அண்ணன். தூரியன் பழத்தின் நாற்றத்தைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. சைவ வீட்டில் பிறந்தவன்.

திங்கட்கிழமை மூட்டைகளை ஒப்படைத்தேன். கப்பல் வெள்ளிக்கிழமை காலை. ஆக, லட்சுமிக்கு எனக்கு மூன்று நாள் இருந்தது. செவ்வாய் அம்மனுக்கு உகந்த நாளாயிற்றே என்று அதையே தேர்ந்தெடுத்தேன்.

காலையில் குளித்து, பட்டுக்கரை வேட்டி கட்டி, மூன்று விரலால் விபூதி பூசிக்கொண்டேன். மூலைக் கடையில் மல்லிகை மாலை ஒன்று கட்டச் சொன்னேன். தேங்காய், பழம், வெற்றிலை, கற்பூரம், குங்குமம் எல்லாம் ஒரு தாம்பாளத்தில். முத்தையா அண்ணன் வியாபாரத்தில் மும்முரமாக இருந்தார். அவரைத் தொந்தரவு செய்வானேன் என்று நானே ஒரு ரிக்‌ஷாவைக் கூப்பிட்டேன். இழுப்பவர் சீனர், என்னைவிட வயதில் மூத்தவர், கால்கள் இரண்டும் நரம்பு. "மியூசியம்" என்றேன். அவர் என் நெற்றியைப் பார்த்தார். தாம்பாளத்தைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். எல்லாம் தெரிந்தவராகத் தலையை ஆட்டிவிட்டு ஓடத் தொடங்கினார்.

மடக்குக் கூரையின் நிழலில் ஆடிக்கொண்டே போனேன். கண்ணை மூடினால் கப்பல், திறந்தால் கடைவீதி. ஒரு ஆறு வந்தது, படகுகள் ஒன்றோடொன்று உரசிக் கிடந்தன. பாலம் வந்தது. எங்கோ ஒரு சன்னலில் கிளிக்கூண்டு. அரைத் தூக்கத்தில் லட்சுமியிடம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். ரிக்‌ஷா நின்றது. நிமிர்ந்து பார்த்தால் கோபுரம்.

மாரியம்மன் கோயில்.

"மியூசியம், மியூசியம்!" என்று கத்தினேன். அவர் கோபுரத்தைக் காட்டி, "சாமி!" என்றார். நான் இல்லை என்று கையை ஆட்ட, அவர் தேங்காயைக் காட்டி மறுபடியும், "சாமி!" என்றார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. விபூதி பூசி, மாலையும் தேங்காயுமாகச் செவ்வாய்க்கிழமை காலையில் புறப்படுகிற தமிழன் வேறு எங்கே போவான்? அதற்குள் வாசலில் நின்ற நம் ஆட்கள் நாலு பேர் கூடிவிட்டார்கள். "அம்மன் கோயில் வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ள போகாம திரும்புவீங்களா?" என்று ஒரு அம்மாள் என்னைத்தான் கண்டித்தாள்.

உள்ளே போனேன். அர்ச்சகர் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு, "யார் பேருக்கு?" என்றார்.

"கமலம். ரோகிணி நட்சத்திரம்."

தேங்காய் உடைந்தது, கற்பூரம் எரிந்தது, மாலை அம்மன் கழுத்துக்குப் போனது. கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. ஆனால் குங்குமப் பொட்டலத்தை மட்டும் முன்னதாகவே மடியில் எடுத்துச் சொருகிக்கொண்டேன். அது வேறு இடத்துக்கானது.

கதையைக் கேட்டு முத்தையா அண்ணன் கல்லாவில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார். "உன்னை யாரு தம்பி தேங்காயோட மியூசியத்துக்குப் போகச் சொன்னது? அது வெள்ளைக்காரன் இடம் லா" என்றார், அந்த ஊர் வழக்கப்படி கடைசியில் ஒரு ‘லா’ போட்டு. புதன்கிழமை அவரே என்னை டிராமில் ஏற்றி, எங்கே இறங்குவது என்று நடத்துநரிடம் சொல்லி அனுப்பினார். அப்படியும் நான் ஒரு சிறிய தேங்காயைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டேன். வெறுங்கையோடு போக மனம் வரவில்லை.

சலவைத் துணிகள் காயும் புல்வெளியைத் தாண்டி, குன்றின் அடியில் அந்தக் கட்டடம் வெள்ளை வெளேரென்று நின்றது. நடுவில் கும்பம் கவிழ்த்த மாதிரிக் கூரை. சென்னையில் இப்படிப்பட்ட இடத்தைச் செத்த காலேஜ் என்று சொல்வார்கள். இங்கேயும் அதேதான். பஞ்சு அடைத்த புலி, கண்ணாடிக்குள் பறவைகள், உத்தரத்திலிருந்து தொங்கும் ஒரு திமிங்கிலத்தின் எலும்பு. அதன் விலா எலும்புகளுக்குக் கீழே நடந்தபோது, கவிழ்த்துப் போட்ட தோணிக்கு அடியில் நடப்பது போல இருந்தது. என் காலடிச் சத்தம் எனக்கே திரும்பிக் கேட்டது. யாரும் இல்லை. இவ்வளவு அமைதியான இடத்தில்தான் அவள் இருக்க வேண்டும் என்று பட்டது.

மாடிப்படியில் சீக்கியக் காவல்காரர் என்னை நிறுத்தித் துண்டை அவிழ்க்கச் சொன்னார். தேங்காய் உருண்டு படிகளில் தடதடவென்று இறங்கிப் போய்ப் புலியின் கண்ணாடிப் பெட்டியில் முட்டி நின்றது. சத்தம் கேட்டு ஒரு அறையிலிருந்து குமாஸ்தா ஓடிவந்தார். வெள்ளைக் கோட்டு, மூக்குக் கண்ணாடி, யாழ்ப்பாணத்துக்காரர். பெயர் கனகசபை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"என்ன ஐயா இது? இஞ்சை தேங்காய் உடைக்கேலாது. துரை கண்டாரெண்டால் என்ரை வேலை போயிடும்."

உடைக்கவில்லை, தானாக உருண்டது என்றேன். படத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் மாறியது. "ஓம், அப்பிடி ஒரு படம் கிடக்கு. ஆரோ ஒரு வியாபாரத் துரை சாகேக்கை மியூசியத்துக்கு எண்டு உயில் எழுதி வைச்சிட்டுப் போனது. ஆனால் மேல்மண்டபத்துக்கு வெள்ளையடிக்கினம். படமெல்லாம் கழட்டிச் சுவர்ப் பக்கம் திருப்பி வைச்சிருக்கு. சனிக்கிழமை வாங்கோ."

"வெள்ளிக்கிழமை எனக்குக் கப்பல்."

"அதுக்கு நான் என்ன செய்யிறது?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கடல் தாண்டி வந்திருக்கிறேன், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேறு நாள் கிடைக்கவில்லையா என்று சத்தம் போட்டேன். திமிங்கிலம்வரைக்கும் எதிரொலித்தது. காவல்காரர் என் தோளில் கை வைத்தார். சட்டென்று என் குரல் உடைந்தது. நான் இதுவரை எந்த ஆணிடமும் சொல்லாததை அந்த முன்பின் தெரியாத மனிதரிடம் சொன்னேன். இரண்டு போய்விட்டன, இது மூன்றாவது, இப்போது ஆறாம் மாதம், அவள் கேட்டது இந்த ஒன்றைத்தான் என்று.

கனகசபை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளைக்கு விடிய ஏழரைக்கு வாங்கோ. துரை எட்டரைக்குத்தான் வருவார். பின்பக்கக் கதவாலை வாங்கோ" என்றார். நான் படி இறங்கியதும் மேலேயிருந்து, "தேங்காய் வேண்டாம்!" என்று மட்டும் உரக்கச் சொன்னார்.

வியாழக்கிழமை விடியும்போதே புறப்பட்டேன். டிராம் நாலு கடை தூரம்கூடப் போகவில்லை, நின்றுவிட்டது. தண்டவாளத்தின் மேல் எருமைகள். குளிக்கப் போகிற வழியில் ஈரத் தண்டவாளம் சுகமாக இருக்கிறதென்று இரண்டு உட்கார்ந்துவிட்டன. நடத்துநர் மணியடித்தார். பக்கத்திலிருந்தவர், "அதுங்க எழுந்தாத்தான் உண்டு. போன மாசம் ஒரு துரையே இறங்கி நடந்தாரு" என்று வெற்றிலையைப் போட்டுக்கொண்டார். நான் இறங்கி ஓடினேன். நாற்பது வயதில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சிங்கப்பூர் வீதிகளில் ஓடினேன்.

பின்கதவில் கனகசபை நின்றிருந்தார். "எட்டுக்குப் பத்து நிமிசம்" என்று சொல்லிக்கொண்டே படியேறத் தொடங்கினார்.

மேல்மண்டபத்தில் பச்சைச் சுண்ணாம்பின் வாசனை. ஏணிகள், வாளிகள், தரை முழுவதும் சாக்கு. படங்கள் எல்லாம் முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டு நின்றன. ஒரு மலாய்க்காரத் தொழிலாளியும் கனகசபையும் சேர்ந்து, கதவு உயரத்துச் சட்டம் ஒன்றை மெதுவாகத் திருப்பினார்கள். கிழக்குச் சன்னலிலிருந்து வெயில் நேராக அதன் மேல் விழுந்தது.

முதலில் முகம். அதே முகம். சிரிக்கப் போகிறாள், இன்னும் சிரிக்கவில்லை. மேலுதட்டில் வியர்வை பொடித்திருந்தது. அது எங்கள் வீட்டுப் படத்தில் இல்லை. எட்டு வருடம் பழகியவள் திடீரென்று மூச்சுவிடுவதைப் பார்த்தது போலிருந்தது. நான் எவ்வளவு நேரம் அந்த முகத்தைப் பார்த்தேனோ தெரியாது. தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்ற பழைய சந்தேகம் திரும்பி வந்தது.

பிறகு கண் கீழே இறங்கியது.

கிரீடம் இல்லை. அள்ளி முடிந்த கொண்டை. சரிகை இல்லை. சாயம் போன சிவப்புக் கண்டாங்கிச் சேலை. வலது கையிலிருந்து கொட்டுவது பொற்காசு இல்லை, நொய். நொய்யரிசி. தாமரை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பழுப்புக் கோழி. இரண்டு குஞ்சுகள் நொய்யைக் கொத்திக்கொண்டிருந்தன. இன்னொன்று தாயின் இறக்கைக்குள்ளேயே இருந்துகொண்டு, தலையை மட்டும் வெளியே நீட்டி, மிளகு போன்ற கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை வருடம் அவள் குனிந்து பார்த்தது என்னை இல்லை. கோழியை.

சைவ வீட்டுப் பூஜை அறையில் எட்டு வருடம் கோழிக்குத் தீபாராதனை காட்டியிருக்கிறேன்! சிரிப்பதா, மாமனார்மேல் ஆத்திரப்படுவதா என்று தெரியாமல் நின்றபோதுதான் அவளுடைய இடது கையைப் பார்த்தேன். எங்கள் படத்தில் சரிகைத் துணிக்குள் மறைந்து போன கை. முழங்கைவரைக்கும் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல். வளைகாப்பு முடிந்த கை. அது அவளுடைய நிறைந்த வயிற்றின் மேல் இருந்தது.

கனகசபை சட்டத்தின் அடியிலிருந்த தகட்டைப் படித்துச் சொன்னார்: "‘காலைத் தீனி’ எண்டு கிடக்கு. ஆர் வரைஞ்சது எண்டு தெரியேல்லை, தென்னாட்டுக்காரர் எண்டு மட்டும் இருக்கு." பிறகு என் மடியிலிருந்த பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, "கும்பிடப் போறியளோ? நான் அங்காலை பாத்துக்கொண்டு நிக்கிறன்" என்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பொட்டலத்தைப் பிரித்தேன். பிரித்த கை அப்படியே நின்றது. இவளிடம் எதைக் கேட்பது? இவள் கொடுக்கிறவள் இல்லை. எங்கள் கமலத்தைப் போல விடிகாலையில் எழுந்து, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, பயத்தை யாருக்கும் காட்டாமல் வேலையைப் பார்க்கிறவள். மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "தாயி, உனக்கு நல்லபடியாப் பொறந்துச்சா?" என்று கேட்டேன்.

"நேரமாச்சுது ஐயா" என்றார் கனகசபை, திரும்பாமலேயே.

குங்குமத்தைப் பழையபடி மடித்து வைத்துக்கொண்டேன்.

மத்தியானம் மழை நேரத்தில் முத்தையா அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். "தம்பி, வீட்ல சொல்லாதே. இந்த நேரத்துல அந்தப் பொண்ணு ஒரு நம்பிக்கையில இருக்கு. லட்சுமியாவே இருந்துட்டுப் போகட்டும் லா" என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. மழை விட்டதும் சாலையில் இறங்கிப் பச்சையும் சிவப்புமாக இரண்டு டஜன் கண்ணாடி வளையல் வாங்கினேன். யாருக்கு, எதற்கு என்று கடைக்காரர் கேட்டார். பதில் சொல்லப் பயமாக இருந்தது, காசைக் கொடுத்துவிட்டு நடந்தேன்.

திரும்பும் கப்பலில் எனக்கு ஒரே வேலை, பொய்யை ஒத்திகை பார்ப்பது. கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. மேல்தட்டில் படுத்துக்கொண்டு ஒரு தாமரையை இதழ் இதழாகக் கட்டினேன். கிரீடத்தில் ஒன்பது மணிகள் வைத்தேன். நாகைக் கலங்கரை விளக்கம் தெரிந்தபோது எனக்கே அந்த லட்சுமியைப் பார்த்தது போலாகிவிட்டது.

கமலம் வாசலில் நின்றிருந்தாள். ஏழாம் மாதம் தொடங்கியிருந்தது. கன்னம் சற்றுப் பூசியிருந்தது. குடையும் சோப்பும் சாதிக்காயும் போக வேண்டிய வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்து, வந்தவர்கள் எல்லோரும் கலைகிறவரைக்கும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு பூஜை அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"பார்த்தீங்களா?"

"பார்க்காம வருவேனா? சாட்சாத் மகாலட்சுமி. கிரீடத்துல ஒன்பது மணி. காலடியில தாமரை, ஒவ்வொரு இதழும் இவ்வளவு பெருசு..."

அவள் முகம் வாடிக்கொண்டே போனது. "தாமரையா?" என்றாள்.

"ஆமா, செந்தாமரை."

"அப்ப நீங்க போகவே இல்லை" என்றாள். கத்தவில்லை. அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "போக முடியலைன்னா முடியலைன்னு சொல்லியிருக்கலாமே."

என் ஒத்திகையெல்லாம் அந்த இடத்தில் கலைந்தது. "போனேன் கமலம். சத்தியமாப் போனேன். தாமரை இல்லை. அங்க இருந்தது கோழி" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். என் கையைப் பிடித்தாள். பிடி வலித்தது. "சொல்லுங்க. என்னென்ன இருந்துச்சோ எல்லாத்தையும் சொல்லுங்க."

"பழுப்புக் கோழி. அவ நொய் போடுறா. ரெண்டு குஞ்சு கொத்துது."

"அப்புறம்?"

"இன்னொரு குஞ்சு. அது கொத்தலை. இறக்கைக்குள்ளேயே இருந்துக்கிட்டுத் தலையை மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு."

"கல்லு இல்லையே?"

"கல்லா? கல்லுக்குக் கண்ணு இருக்குமா? மிளகாட்டம் இத்தனூண்டு கண்ணு. என்னையே பார்த்துது."

கமலம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் பயந்துபோய்க் குனிந்தபோது, அழுகைக்கு நடுவில் சிரிப்பதும் தெரிந்தது.

"அந்தத் தாமரையை ஒட்டினது யாருன்னு நெனச்சீங்க? நான்தான்" என்றாள். "அப்பா கடையில கோழிப் படத்தை யாரும் வாங்கலை. லட்சுமியாக்கினா வித்துப் போகும்னாரு. எத்தனை கோழியை மூடியிருக்கேன் தெரியுமா? அச்சுல அந்த இறக்கைக்கிட்ட கறுப்பா ஒரு திட்டு இருக்கும். எல்லாப் படத்துலயும் அப்படித்தான். குஞ்சுன்னு நான் சொல்லுவேன், கல்லுன்னு என் தங்கச்சி சொல்லுவா. அப்ப அது விளையாட்டு. ரெண்டாவதும் போனப்புறம் எனக்கு அது விளையாட்டா இல்லை."

"இதை என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க பார்த்துட்டா வருவீங்க? கல்லா இருந்தாக்கூடக் குஞ்சுன்னு சொல்லிடுவீங்க. என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு நீங்க எதையும் சொல்லுவீங்க. தெரியாம போய்ப் பார்க்கட்டும்னுதான் விட்டேன்."

ஒன்பது மணி வைத்த கிரீடம் எனக்கு நினைவுக்கு வந்தது. மடியிலிருந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். இதை எங்கும் வைக்கவில்லை, வைக்கத் தோன்றவில்லை என்றும் சொல்லிவிட்டேன். அன்று இனி ஒரு பொய்கூடச் சொல்கிற தைரியம் எனக்கில்லை. அவள் அதைப் பிரித்து, ஒரு துளி எடுத்துத் தானே நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

இது நடந்து ஐந்து வருடமாகிறது. இப்போது எங்கள் படத்தில் தாமரை இல்லை. கமலம் வளைகாப்புக்கு முந்தின நாளே கண்ணாடியைக் கழற்றி, நனைத்த துணியால் ஒற்றி ஒற்றி எடுத்துவிட்டாள். மாமனார் வந்து பார்த்து ஒரு வாரம் பேசவில்லை. எங்கள் மகள் தினமும் காலையில் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று குஞ்சுகளை எண்ணுவாள். இரண்டோடு நின்றுவிடுவாள்.

"அம்மா மூணுங்கிறா. இங்க ஒண்ணுமே இல்லையேப்பா, கறுப்பாத்தானே இருக்கு?" என்று நேற்றும் கேட்டாள்.

"இருக்கு கண்ணு" என்றேன். "நான் போய்ப் பார்த்துட்டு வந்தேன்."